தொட்டியை எதால் அளந்தீர்கள்?

ஐம்பத்தாறாம் வருஷம் என்று நினைவு. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய் அதிக நாள் ஆகவில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் பெண்களைச் சேர்க்க, டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நுழைவுத் தேர்வு வைத்தார்கள். கோட்டுச்சேரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, என் தோழி எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

பெயர் வேண்டாம். ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். அவர்களுடையது துணி வியாபாரக் குடும்பம். அவள் வாப்பா சைகோனில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பரீட்சை எழுத அவர் சம்மதித்ததே பெரிய விஷயம். "இந்த ஒரு தடவதான். எடம் கெடச்சாப் படி, கெடைக்கலேன்னா நிக்காஹ்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார்கள். எனக்கு அந்த நெருக்கடி இல்லை. இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என்று சொல்கிற ரகம் என் அப்பா.

கணக்குத் தாளைப் பார்த்ததும் தலை சுற்றியது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே இரண்டு தகவல்கள். விடை கண்டுபிடிக்க வேண்டாமாம். கண்டுபிடிக்க முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்று மட்டும் எழுத வேண்டுமாம். கணக்கு என்றால் போட்டு விடை எழுதித்தான் எங்களுக்குப் பழக்கம். போடாமல் எப்படிச் சொல்வது? பெருக்கி, வகுத்து, தாளெல்லாம் கிறுக்கித் தள்ளினேன்.

அவளோ ஒரு கணக்கையும் போடவில்லை. ஒவ்வொன்றையும் படிப்பாள், கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பாள், ஒரு வரி எழுதுவாள். மணி அடிக்க வெகு நேரம் இருக்கும்போதே பேனாவை மூடி வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிட்டாள். கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். 

மதியம் தாள்களைத் திருத்திவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்கள். தேர்வாளர்கள் இரண்டு பேர். கேள்வித்தாள் தயாரித்தவர் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். அவரை எல்லோரும் சார் என்றார்கள். இன்னொருவர் எங்கள் ஊர்க்காரர், பிரெஞ்சுப் பள்ளியில் பாடம் நடத்தியவர்; அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு அடுத்தது நான் என்பதால் கதவருகில் நின்றேன். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே நடப்பதும் தெரிந்தது, பேசுவதும் கேட்டது.

"மத்ததெல்லாம் சரியா எழுதியிருக்க. இந்தத் தொட்டிக் கணக்குல மட்டும் ஏம்மா இப்படி?" என்றார் சார்.

அந்தக் கேள்வி எனக்கும் நினைவிருந்தது. ஒரு தொட்டியை நிரப்ப எத்தனை குடம் தண்ணீர் வேண்டும்? முதல் தகவல்: தொட்டியின் நீளம் ஆறு, அகலம் நான்கு, ஆழம் மூன்று. இரண்டாவது: ஒரு குடத்துக்குப் பத்துப் படி பிடிக்கும். இதில் என்ன சந்தேகம்? இரண்டும் சேர்ந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தேன்.

"எல்லாரும் போதும்னு எழுதியிருக்காங்க. நீ ஒருத்திதான் போதாதுன்னு எழுதியிருக்க. நல்லா யோசிச்சுப் பாரு. மாத்திக்கறதுன்னா இப்பவே மாத்திக்க."

எவ்வளவு நல்ல மனுஷர்! தலையாட்டினால் இடம் கையில். மாத்திக்கடி, மாத்திக்கடி என்று மனசுக்குள் நான் கத்தினேன்.

அவள் தலையாட்டவில்லை. திருப்பிக் கேட்டாள். "கோவிச்சுக்காதீங்க சார். அந்தத் தொட்டிய எதால அளந்தீங்க?"

"இதென்ன கேள்வி? அடியாலதான்" என்றார் சார்.

"மீட்டர்தானே!" என்றார் முசியே, அதே மூச்சில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு தலைகளும் கேள்வித்தாள் மேல் குனிந்தன. அதில் எண்கள் மட்டும்தான் இருந்தன. அடியும் இல்லை, மீட்டரும் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடங்களில் மீட்டர்தான். எல்லை வாய்க்காலைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் அடியும் கஜமும். அவரவருக்கு அவரவர் அளவு பழகிப்போனதால், எழுதாமல் விட்டது எழுதியவர் கண்ணிலும் படவில்லை, படித்த எங்கள் கண்ணிலும் படவில்லை.

"ஒனக்கு மட்டும் எப்படிம்மா தோணிச்சு?" என்றார் முசியே.

"எங்க வூட்டுல மீட்டர்க் கோலும் கெடக்கு, கஜக் கோலும் கெடக்கு. யார் துணி கேட்டாலும், எந்தக் கோலுன்னு கேட்டுட்டுத்தான் வாப்பா கத்திரியத் தொடுவாங்க."

சார் கடகடவென்று சிரித்துவிட்டார். "படிச்சுப் படிச்சுப் பாத்துட்டுத்தாம்மா குடுத்தேன்" என்று சொல்லி, தன் விடைக்குறிப்பில் இருந்த பதிலை அவள் எதிரிலேயே சிவப்புப் பென்சிலால் அடித்தார். போதும் என்று எழுதியிருந்த எங்கள் எல்லோருக்கும் அந்த மதிப்பெண் போனது. அவர் மீதும் எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் மார்க்கையும் சேத்துக் கெடுத்துட்டேனாடி?" என்று அழுதாள் அந்தப் பைத்தியக்காரி. நான் எங்கே கோபப்படுவது? கட்டிக்கொண்டேன்.

அவளுக்கு இடம் கிடைத்தது. அவள் வாப்பா சொன்ன சொல் மாறாமல், மாப்பிள்ளை வீட்டாரிடம் "புள்ள படிச்சு முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்த வருஷம் கிடைக்கவில்லை. அந்த ஒரு கேள்விதான் காரணமா என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லப் போதுமான தகவல் என்னிடம் இல்லை. அடுத்த வருஷம் நான் சேர்ந்தபோது, என் வயதுக்காரியே எனக்கு சீனியராகி என்னை விரட்டி வேலை வாங்கினாள்.

இன்றும் யாராவது இன்னொருவரைப் பற்றி இரண்டு சேதி சொல்லிவிட்டு என் அபிப்பிராயம் கேட்டால், எதால் அளந்தீர்கள் என்று அவள் குரல்தான் முதலில் கேட்கிறது. தன் வாழ்க்கையே அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தபோதும் போதாததைப் போதாது என்றே சொன்ன அவள் துணிச்சலில் கால்வாசியாவது எனக்கு வாய்க்காதா என்றுதான் இத்தனை வயதுக்குப் பிறகும் ஏங்குகிறேன்.