சாப்பாட்டு மேசைக்கு எதிரே அண்ணனின் ரத்தம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் அண்ணனின் ரத்தம் மாட்டியிருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம். கன்னங்கரேலென்ற பின்னணியில் பச்சைப் பச்சையாகக் கொத்துகள், அவற்றின் மேல் சீப்பில் சிக்கிய முடி மாதிரி சிவப்பு இழைகள். ஒரு கவளத்தை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் அதுதான் கண்ணில் படும். பிறகு அந்தக் கவளம் எனக்கு உள்ளே இறங்காது.

நான் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். ரத்தம் எனக்குப் புதிதில்லை. ஆபரேஷன் விரிப்புகளை உதறும்போது உறைந்த கட்டி ஒன்று பொத்தென்று தரையில் விழும். கையுறையோடு அதை அள்ளிப் போட்டுவிட்டு விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்; வெந்நீர் பட்டால் கறை துணியை விட்டுப் போகாது. துருப்பிடித்த ஆணி மாதிரி ஒரு வாடை, எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் நிற்கும். நாள் முழுக்க அதில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே கண்றாவி, அதுவும் சட்டம் போட்டு.

"இதைக் கழட்டேன் அண்ணே. அசிங்கமா இருக்கு. குமட்டிக்கிட்டு வருது."

"உனக்கு என்ன பாப்பா தெரியும்? இதைப் பாக்கறதுக்குன்னே எங்கெங்கேயோ இருந்து ஆளுங்க வர்றாங்க."

அண்ணி குறுக்கே வந்தாள். "எங்க கல்யாண ஃபோட்டோ இருந்த ஆணியில இதை மாட்டியிருக்காரு. நானே வாயைத் திறக்கல. நீ ஏன் திறக்கறே?"

அண்ணன் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தான். கேஸ் சிலிண்டர், கையுறைப் பெட்டி, கண்ணாடிக் குழாய் எல்லாம் அவன் கையெழுத்தில்தான் உள்ளே வரும். வாழ்க்கையில் எதிலும் அவன் முதலாக வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் தட்டுத்தடுமாறிக் கரையேறினான். அண்ணிக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளை மனம் மாறிவிட்டதால்தான் இவனுக்கு அந்த மணமேடையே கிடைத்தது. அதைச் சொல்லி அவனே சிரிப்பான். ஆளைப் பார்த்தால் வாட்டசாட்டமாக, முன்கையில் கயிறு மாதிரி நரம்பு ஓட, நோய்நொடி இல்லாதவன் என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

அந்த நரம்புதான் வினையானது. மூன்றாம் மாடியில் ரத்தம் எப்படி உறைகிறது என்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டணு என்று ரத்தத்தில் பொடிப்பொடியாக ஒன்று இருக்கிறதாம். காயம் பட்ட இடத்தில் அது ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ரத்தத்தில் இருக்கிற ஒரு புரதம் நூலாகத் திரிந்து அதன்மேல் வலை கட்டும். தட்டணுவுக்குப் பச்சையாக ஒளிரும் சாயம், நூலுக்குச் சிவப்பாக ஒளிரும் சாயம். முடியைவிடச் சன்னமான கண்ணாடி வாய்க்காலில் ரத்தத்தை ஓடவிட்டு, இருட்டறையில் லேசர் வெளிச்சத்தை அதன்மேல் பாய்ச்சினால் கட்டி வளர்வது திரையில் தெரியும். ஆனால் ரத்தம் சுடச்சுட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் தட்டணு கெட்டுவிடும். நோயாளியின் ரத்தத்தை ஓட்டுகிற அன்றைக்கே, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தமும் ஓட வேண்டும். அதற்காக ஊரெல்லாம் அலைவானேன், கீழே ஸ்டோரில் ஒருவன் இருக்கிறான், ஒரு ஃபோன் செய்தால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவான்.

வேறு சிலரிடமும் எடுத்துப் பார்த்தார்களாம். அவர்கள் படம் வெளிறிப்போய், இத்துனூண்டு கட்டியாக வந்தது. அண்ணனுடையதோ மளமளவென்று வளர்ந்து திரையை நிறைத்தது. மூன்றாம் மாடியின் தலைவர் துள்ளிக் குதித்துவிட்டார். அவரை எல்லாரும் பெரியவர் என்பார்கள். அன்றிலிருந்து அண்ணன் ரத்தம்தான் அளவு. அதற்குக் குறைந்ததெல்லாம் நோய். மற்றவர்கள் படம் சரியாக வராவிட்டால் சாயம் சரியில்லை என்று தூக்கிப் போட்டார்கள். அண்ணனைக் கேட்டதெல்லாம் மாத்திரை சாப்பிட்டாயா, காய்ச்சல் உண்டா என்ற இரண்டு கேள்விகள்தான். உன் அப்பா எப்படிச் செத்தார் என்று ஒருத்தர் கேட்கவில்லை. எங்கள் அப்பா தலை நரைப்பதற்கு முன்பே, தெருவில் நடந்து போனவர், மூச்சு முட்டி விழுந்து செத்தவர்.

மூன்றாம் மாடி நடையில் அண்ணன் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டி, கீழே 'ஆரோக்கியமான ரத்தம்' என்று எழுதினார்கள். அதிலேயே ஒரு பிரதி கேட்டு வாங்கி வந்துதான் அண்ணன் வீட்டில் மாட்டினான். பக்கத்தில் சின்னதாக ஒரு நோயாளியின் வெளிறிய படம். குடும்பத்தோடு வரச் சொன்ன ஒருநாள் நானும் போய்ப் பார்த்தேன். கூடத்தில் மருந்தும் பழைய ரத்தமும் கலந்த வீச்சம். பெரியவர் அந்தப் பச்சைக் கொத்தைக் கண்கொட்டாமல் பார்த்து, "எவ்வளவு அழகு பாருங்க" என்றார். படத்தின் சொந்தக்காரன் அவர் பக்கத்தில்தான் நின்றான். அவனை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை அந்த மனுஷன். அண்ணன் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

பிறகு அவனுடைய இடது கால் வீங்க ஆரம்பித்தது. வேலை முடிந்து வந்து காலுறையைக் கழற்றினால் கெண்டைக்கால் பளபளவென்று மினுங்கியது. விரலால் அழுத்தினேன். பிசைந்த மாவில் அழுத்தியது போலப் பள்ளம் அப்படியே நின்றது.

"டாக்டர்கிட்ட காட்டு அண்ணே."

"சிலிண்டர் உருட்டுன கால், வலிக்காம என்ன செய்யும்? எனக்கு ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. அவ்ளோ பெரிய மெஷின்லயே பாத்தாச்சு. சாதாரண டாக்டர் அதுக்கு மேல என்ன பாத்துருவாரு?"

நானும் அண்ணியும் கெஞ்சினோம், திட்டினோம், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தோம். அவன் அந்தப் படத்தை நோக்கிக் கையைக் காட்டுவான், அவ்வளவுதான். டாக்டர் சீட்டு மாதிரி அது சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லெடுத்து எறியலாம் போல எனக்குக் கை பரபரத்தது.

ஒருநாள் மத்தியானம் நான் ஈர விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தபோது அண்ணி ஃபோனில் அழுதாள். அண்ணன் ஆராய்ச்சிக்கூடத்தில் படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டானாம், உதடு நீலம் பாரித்துவிட்டதாம். எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஈரக் கையோடு ஓடினேன். அவசரப் பிரிவு டாக்டர் நேராகவே சொன்னார்: "கால்ல உறைஞ்ச கட்டி உடைஞ்சு நுரையீரல்ல போய் அடைச்சிருக்கு. ரத்தம் உறையாம இருக்க இப்பவே ஊசி போடணும். தாமதிச்சா கையை மீறிடும்."

நர்ஸ் ஊசியை எடுக்கும்போது திரை விலகியது. பெரியவர். பின்னால் ஒரு பெட்டியோடு, இருட்டறையில் மைக்ராஸ்கோப் ஓட்டுகிற பெண். அண்ணன் அவளைப் படக்காரம்மா என்பான். நலம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஊசி போட்டுட்டா ரத்தம் மாறிடும்மா," என்றார் பெரியவர். "அதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு டியூப் எடுத்துக்கறோம். ஒரு நிமிஷ வேலை. இப்படி ஒரு சந்தர்ப்பம் திரும்ப வராது."

அவர் முகத்தில் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. ஆனால் கண் அண்ணனின் முழங்கை மடிப்பில்தான் இருந்தது. சலவைக்கூடத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், சீழ் பார்த்திருக்கிறேன், புழு பார்த்திருக்கிறேன். அந்தப் பார்வையைப் போல அருவருப்பானதை நான் பார்த்ததில்லை.

அதைவிடக் கொடுமை, மூச்சுக்கு முகமூடி மாட்டியிருந்த என் அண்ணன், பேச வராமல், கையை அவரை நோக்கி நீட்டினான்.

நான் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் திணித்தேன். "நீங்க ஊசியப் போடுங்க சிஸ்டர். சார், வெளிய போங்க. இல்லாட்டி இந்தப் பெட்டிய உங்க தலையிலயே கவுத்துருவேன்." டாக்டரும் அதட்டினார். பெரியவர் போய்விட்டார்.

நடையில் படக்காரம்மா சுவரோடு சாய்ந்து நின்றாள். "ஒரு நாள் அவரு லீவு. அன்னிக்கு என் ரத்தத்தையே ஓட்டிப் பாத்தேன்க்கா. எனக்கும் வெளிறித்தான் வந்துச்சு. எனக்கு ஒரு நோயும் இல்ல. அவருதுதான் வேற மாதிரின்னு அன்னிக்கே தோணுச்சு. சார்கிட்ட சொன்னேன். சாயத்தை மாத்துன்னாரு. அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கல."

"இப்ப மட்டும் எதுக்கும்மா திறக்கறே?" என்றேன். அவள் அழுதாள். எனக்கு இரக்கமே வரவில்லை.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். சீக்கிரமே உறைகிற ரத்தம், பரம்பரையாக வருவது, வாழ்நாள் முழுக்க மாத்திரை என்றார்கள். எனக்கும் அதே ரத்தம்தான் என்று சோதனையில் தெரிந்தது. காலையில் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துக்கொள்கிறோம். அவன் திரும்ப வேலைக்குப் போனான். மேலேயிருந்து ஃபோன் வரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவனின் ரத்தம் அவர்களுக்கு எதற்கு? அவனோ ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டானாம்.

கடைசியில் ஒருநாள் ஃபோன் வந்தது. பசை டப்பா ஒன்று எடுத்துக்கொண்டு மேலே வரச் சொன்னார்கள். போனான். நடையில் அவன் படம் அதே இடத்தில், அதே ஆளுயரத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த நோயாளியின் படத்தை எடுத்துவிட்டுப் படக்காரம்மாவின் வெளிறிய படத்தை மாட்டியிருந்தார்கள். அவன் கையில் இரண்டு புது அட்டைகளைக் கொடுத்தார் பெரியவர். ஒன்று 'ஆரோக்கியமான ரத்தம்', மற்றது 'நோயுற்ற ரத்தம்'. எது எங்கே என்று விரலால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் பசை தடவி இரண்டையும் ஒட்டினான். கோணல் இல்லாமல் ஒட்டினேன் என்று என்னிடம் சொன்னான். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது எனக்கு, யார் முகத்தில் என்றுதான் தெரியவில்லை.

அன்று சாப்பிட உட்கார்ந்தவன் வெகுநேரம் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய்ப் படத்தைக் கழற்றினான். ஆணிக்குக் கீழே சுவர் சதுரமாக வெளுத்திருந்தது.

"அசிங்கமாத்தான் இருக்கு இல்ல, பாப்பா?" என்றான்.

தினம் தினம் அதையே சொன்னவள் நான். படத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அண்ணி உள்ளே போய்க் கல்யாண ஃபோட்டோவைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.