கடைசி ரீலும் கலிபோர்னியாக்காரரும்

டிஜிட்டல் படம் தியேட்டருக்குப் பூட்டோடுதான் வரும். அதற்குரிய திறப்பு தனியே ஈமெயிலில் வரும். அன்று வந்த திறப்பை யாரோ அமெரிக்க நேரத்துக்குப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில், பழைய படமொன்றின் சிறப்புக் காட்சிக்கு எங்கள் தியேட்டர் நிறையச் சனம். படமோ காட்சி நேரம் கடந்து பல மணித்தியாலம் கழித்துத்தான் திறக்குமாம். அந்தப் படத்தை எடுத்த இயக்குநரே கலிபோர்னியாவிலிருந்து சிறப்பு விருந்தினராக வந்து, ஆபரேட்டர் அறையில் என் பக்கத்தில் நின்றார்.

"அண்ணை, சனத்தைத் திருப்பி அனுப்பட்டோ?" என்றாள் மானேஜர் தர்ஷினி. இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"கொஞ்சம் பொறும் பிள்ளை. நிலத்துக்குக் கீழ கெல்லர் அறைக்குள்ள இதின்ர பழைய பிலிம் பிரிண்ட் கிடக்கு."

"அது ஜெர்மன் டப்பிங் எல்லோ?"

இயக்குநரிடம் விஷயத்தைச் சொன்னேன். கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் பேசியது ஆங்கிலம். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"எந்த மொழியில போட்டாலென்ன? அது என்ர படமில்லை."

இளமையில் சின்னச் சின்னப் படங்கள் எடுத்துப் பெயர் வாங்கியவர். பிறகு ஒரு பெரிய ஸ்டூடியோ இந்தப் படத்தைக் கொடுத்தது. கோபித்துப் போன மகளுக்காக ஸ்டேஷனில் காத்திருக்கும் தகப்பனின் கதை. அவர் படமாக்கிய முடிவில் மகள் வரமாட்டாள். ஸ்டூடியோ அதை வெட்டிவிட்டு, வேறொருவரை வைத்து மகளை ரயிலில் வரவழைத்தது. இவர் சண்டை போட்டார். அதோடு பெரிய படங்கள் போயின. சவர்க்கார விளம்பரமும் கார் விளம்பரமும் எடுத்தே காலம் கழிந்தது.

"என்ர முடிவை எரிச்சுப் போட்டாங்கள். அது நல்ல முடிவுதானோ எண்டு இப்ப எனக்கே சந்தேகம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, எங்கட பிரிண்டில மகள் வாறேல்லையே!"

அவர் என் கையைப் பிடித்தார். "வடிவா யோசிச்சுச் சொல்லும்."

ஸ்டூடியோ வெட்டுவதற்கு முந்திய பிரிண்டையே டப்பிங்குக்கு அனுப்பியிருப்பார்கள் போலும். ஆனால் ஆபரேட்டரின் ஞாபகம் ஒடியல் கூழ் மாதிரி, எல்லாப் படமும் கலந்து கிடக்கும். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. முதல் ரீலை ஏற்றினேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் ஞாபகம் பிழைத்தால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியவன் ஆவேன். வாய் சும்மா இருந்திருக்கலாம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசி ரீல். ரயில் வந்தது, போனது. மகள் இறங்கவில்லை. தகப்பன் தன் கோப்பியைக் குடித்தார். மகளுக்கென்று வாங்கியதைக் கையிலேயே வைத்திருந்து, ஆறிய பிறகு அதையும் குடித்தார். ஒரு வசனமும் இல்லை. டப்பிங்குக்கு அங்கே வேலையே இல்லை.

தர்ஷினி ஓடிவந்தாள். "அண்ணை, படம் முடிஞ்சுது. லைட்டைப் போடுங்கோ!"

"கொஞ்சம் பொறும் பிள்ளை."

இயக்குநர் கண்ணாடித் துவாரத்தில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தார். ஹோலில் ஒருவரும் அசையவில்லை.

"பாத்தீரே, ஒருத்தரும் எழும்பேல்லை," என்றார். பிறகு மெல்ல, "அப்ப நான் பிழை விடேல்லை."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பப் போடும்," என்றார்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே லைட்டைப் போட்டுவிடுகிறது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: படத்தை எடுத்தவர் உள்ளே இருக்கும் நாளில் அந்த ஆட்டோமேட்டிக்கை நிறுத்தி வையுங்கள். அவர் சொன்ன பிறகு போடுங்கள்.