செல்வின் வீட்டு மெஷினும் என் வீட்டு பல்பும்

பக்கத்து வீட்டு செல்வின் ஸ்பாட் வெல்டர் வாங்கியதிலிருந்து என் நிம்மதி போய்விட்டது.

பேட்டரி செல்களை நிக்கல் பட்டையால் இணைக்கிற மெஷின் அது. நான் சால்டரிங் அயர்னை வைத்துச் சுட்டுச் சுட்டு நல்ல செல்களைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். அவன் காலால் பெடலை மிதிக்கிறான், ஒட்டிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் அவன் மனைவி அதற்குப் பூப்போட்ட துணியைப் போர்த்தி, ஏசு படத்துக்குக் கீழே வைக்கிறாள். வண்டன்மேட்டிலிருந்துகூட ஆட்கள் செல்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

எங்கள் எஸ்டேட் லயத்தில் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கரண்ட் லைன். அவன் மிதிக்கும்போதெல்லாம் என் வீட்டு பல்பு ஒரு கணம் மங்கும். அவன் பிழைப்பு ஓடுவதை நான் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்து வயிறெரிகிறேன்.

இன்று வெட்கத்தை விட்டுப் போனேன். நாளைக்கு ஏலக்காட்டில் மருந்தடிக்க வேண்டும், என் ஸ்ப்ரேயருக்கு பேட்டரி இல்லை.

"செல்வின், இந்த செல்லையும் கொஞ்சம் வெல்டு அடிச்சுக் குடுப்பா."

"மெஷின் படுத்துருச்சுக்கா. திங்கக்கிழமை பாப்போமே."

"ஐயோ பாவம்" என்றேன். உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம்! டீ கூடக் குடித்தேன். மெஷினுக்காக ஜெபம் பண்ணுவதாகவும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, முதல் செல்லைக் கையில் எடுத்தேன்.

பல்பு மங்கியது. எரிந்தது. மறுபடி மங்கியது.

என் ஜெபத்துக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் கிடைத்தது இதுதான் முதல் முறை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சாட்சி சொல்லுங்கள். செல்வினும் சொல்லலாம்.