தூக்கிப்போக முடியாத கம்ப்யூட்டர்

“நீங்க கேரளாவா மேடம்?” என்று வேளச்சேரி கம்ப்யூட்டர் கடைக்காரர் கேட்டார். நான் இரண்டு வாக்கியம்தான் பேசியிருப்பேன். முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த ஊரில் தமிழ்தான் பேசுகிறேன்; ஆனாலும் காய்கறிக் கடையில், ஷேர் ஆட்டோவில், ஆஸ்பத்திரி வரிசையில் இந்தக் கேள்வி ஓய்ந்தபாடில்லை. பெரும்பாலும் ஆமென்று தலையாட்டிவிடுவேன். ஒருமுறை இலங்கை, மன்னார் என்று உண்மையைச் சொன்னதில், பேசி முடித்திருந்த வாடகை வீடு மறுநாள் எங்களுக்கு இல்லையென்று ஆகிவிட்டது. அன்றும் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற மகள் நிரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கத்தான் நானும் என் கணவரும் அவளோடு போயிருந்தோம். நிரோஜா இங்கே பிறந்தவள். டிகிரி முடித்ததும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. குடியுரிமைச் சான்று கேட்டார்கள். அவளிடம் இருந்தது அகதிப் பதிவு மட்டும். அதோடு அந்த வேலை போயிற்று. இப்போது மேற்கு மாம்பலத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறாள். சொந்தமாகக் கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

என் கணவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் கெட்டபிறகு வீட்டில்தான் இருந்தார். அந்த நாட்களில் மன்னாரிலிருந்து அவருடைய தம்பி பேசினார். ராணுவம் பிடித்துவைத்திருந்த எங்கள் காணி நிலத்தை விட்டுவிட்டார்களாம். சீக்கிரம் வந்து வேலி அடைக்கச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். மூன்று பேரும் ஊர் திரும்ப விண்ணப்பம் எழுதிவைத்தார். போகிறவர்கள் இங்குள்ள பதிவை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பிறகு அகதியாகக்கூடத் திரும்பிவர முடியாது.

“லேப்டாப்னா எங்க வேணா தூக்கிக்கினு போலாம் சார். டெஸ்க்டாப் ஒரே எடத்துல கெடக்கும்” என்றார் கடைக்காரர்.

பதினொரு வயதில் நான் மன்னாருக்குப் பக்கத்தில் பேசாலைக் கரையில் படகேறினேன். ஆளுக்கு ஒரு பை என்றான் படகுக்காரன். அம்மா தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி, சேலையில் சுற்றி, மடியில் வைத்திருந்தாள். நடுக்கடலில் படகுக்குள் தண்ணீர் ஏறியபோது அதைத்தான் முதலில் எறியச் சொன்னார்கள். அம்மா தன் கையாலேயே எறிந்தாள். ராமேஸ்வரம் வரும்வரை சுற்றியிருந்த சேலையை மட்டும் மடியில் வைத்திருந்தாள். என் கணவரும் அப்படி ஒரு படகில் வந்தவர்தான். ஆதம்பாக்கத்தில் குடிவந்து இத்தனை காலமாகியும் நாங்கள் கட்டில் வாங்கவில்லை, பீரோ வாங்கவில்லை. முக்கியமான காகிதங்களெல்லாம் கதவுக்குப் பின்னால் ஒரு பையில் தொங்கும். சொந்த ஊரில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் விசித்திரமாக இருக்கலாம். எங்களைப்போல் அகதி முகாமில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நிரோஜா கடைக்காரரிடம் சொன்னாள்: “எனக்கு டெஸ்க்டாப்தான் வேணும். பெரிய ஃபைல் போட்டா லேப்டாப் சூடாயிடும். இதுன்னா பின்னாடி ராம் ஏத்திக்கலாம்.”

“உந்தப் பெட்டியைப் பிளேனில எப்பிடிப் பிள்ளை கொண்டு போறது?” என்றார் என் கணவர்.

“பிளேனா? இன்னா சார், கேரளாவுக்கு ட்ரெயின்லயே போலாமே” என்றார் கடைக்காரர். உதவி செய்கிற ஆசையில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

“நான் எங்கயும் வரலப்பா” என்றாள் நிரோஜா. “நீங்க போங்க. அங்க எனக்கு யாரத் தெரியும்?”

“இஞ்ச மட்டும் உன்னை ஆர் வைச்சிருக்கினம்?”

“வெச்சுக்கறாங்களோ இல்லையோ, எனக்கு இந்த ஊர்தான்பா தெரியும்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். கணவரும் மகளும்கூட என்னைத்தான் பார்த்தார்கள். வீட்டில் பல நாட்களாக நான் தள்ளிப்போட்டு வந்த பதிலை அந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று. “டெஸ்க்டாப்பே குடுங்க” என்றேன். என் கணவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவரே அந்தப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நிரோஜா தடுத்தாள். கேட்காமல், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார். சுவரோடு மேசை ஆடாமல் இருக்க அட்டை மடித்து முட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

இரண்டு மாதம் கழித்துத் தனியாகப் போனார். மகள் ஒரு நிலைக்கு வரட்டும், பின்னால் வருகிறேன் என்றேன். ஓமென்றார். அது நடக்காதென்று இருவருக்கும் தெரியும்.

போன வாரம் கம்ப்யூட்டரில் வீடியோ அழைப்பில் வந்தார். வேலி அடைத்தாயிற்று, கிணறு இறைத்தாயிற்று என்று போனைத் திருப்பிக் காட்டினார். கறுத்த தண்ணீருக்கு மேல் அவருடைய நிழல் மட்டும் தெரிந்தது. “இஞ்ச பாரும், ஊத்து அடைபடேல்லை” என்றார். நான் திரையை நெருங்கிக் குனிந்தபோது, “அம்மா, இங்க வாயேன், பால் பொங்குது” என்று சமையலறையிலிருந்து நிரோஜா கூப்பிட்டாள். எழுந்தேன். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றேன். கேமராவுக்கு என் முகம் தப்பியிருக்க வேண்டும்.

“எங்க போனீர்?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார் அவர். “உம்மைக் காணேல்லை.”