கையை எடுங்க, தொரை

பொய் சொல்லிப் பிழைத்த குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அட்டைப்பெட்டிக்குக் காகிதம் ஒட்டும் ரோலர் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. நாற்பது வருஷ அனுபவம். போன வருஷம் வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்ப் பாஷையில் எனக்கு ஆமாம், இல்லை கூடத் தெரியாது. போனில் மொழிபெயர்த்துக் காட்டி மெஷினுக்கு எண்ணெய் கேட்டேன். சமையல் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு எல்லாம் கைஜாடைதான்.

முதல் நாள். பிற்பகல் மூன்று நாற்பது. ரோலரைச் சுற்றி நின்ற நாலு பேரும் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்தார்கள். ஃபோர்மேன் கத்தினார்.

"கைய எதுங்க தொரே!"

என் ஸ்பானர் கீழே விழுந்தது.

அது தமிழ். அதுவும் எங்கள் வீட்டுத் தமிழ். என் மகனுக்கு இந்தத் தொழிலைப் பழக்கியபோது, அவன் பராக்குப் பார்த்துக்கொண்டு ரோலர் பக்கம் கை நீட்டினால் அப்படித்தான் நக்கலாக அதட்டுவேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

நான் பேசி முடித்த சம்பந்தத்தை, நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் உதறிவிட்டு வெளிநாடு போனவன் அவன். கொடுத்த வாக்கு போய், பெண் வீட்டு வாசலில் தலைகுனிந்து நின்றேன். அன்றே அவனைத் தலைமுழுகினேன். இந்தப் பயணத்துக்கு நாலு வருஷம் முன் புரியாத பாஷையில் யாரோ மூன்று தரம் போன் செய்தார்கள். அவன் பேர் மட்டும் புரிந்தது. சமாதானத்துக்கு ஆள் விடுகிறான் என்று நினைத்தேன். மூன்று தரமும் நாலே வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன்.

இங்கேதான் வேலை பார்த்திருக்கிறான். இவர்களுக்குத் தொழில் பழக்கியிருக்கிறான் என்று முடிவு செய்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பாஷை இல்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

மறுநாளும் மூன்று நாற்பது. ஃபோர்மேன் வாயைத் திறக்குமுன்பே எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள்... எதையோ கேட்டதுபோல. எனக்கு மெஷின் இரைச்சல் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவர்களுக்கு விடுமுறை. நான் மட்டும் போனேன். மெயின் சுவிட்சை நானே அணைத்தேன். ரோலருக்கு நடுவில் சிக்கிய காகிதத்தை எடுக்கக் கையை விட்டேன்.

காதோரம் மூச்சு...

"கையை எடுங்க, தொரை."

குரல் அவனுடையது. அதட்டல் என்னுடையது.

கையை இழுத்தேன்.

க்ரக்... க்ரக்...

ரோலர் தானாகச் சுழன்று, நின்றது.

மணி மூன்று நாற்பது.

"தம்பி..." என்றேன்.



மறுநாள் பிற்பகல், அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட தமிழ்ப் பெண் ஒருத்தியைப் பேச்சுத் துணைக்கு அழைத்து வந்தார்கள்.

"ஐயா, நீங்க தமிழ்ங்கிறதால ஃபோர்மேன் கேக்குறாரு. இவரு கத்துற அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்? மந்திரமான்னு..."

"மந்திரமாவது மண்ணாவது. சொல்லிக்குடுத்தவன் இப்ப எங்கன்னு கேளும்மா."

கேட்டாள். அவள் முகம் மாறியது.

"யாரும் சொல்லிக்குடுக்கலையாம்யா. நம்மாளு ஒருத்தர் இங்க இருந்தாராம். இவங்க பாஷையைத் தண்ணியா பேசுவாராம். தமிழ்ல ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லையாம். நாலு வருஷம் முன்னாடி, மூணு நாப்பதுக்கு, இந்த ரோலர் சட்டைக் கையோட இழுத்து... அவர் போனப்புறம்தான் இந்தக் குரல் கேக்குதாம். கேட்டதும் கையை எடுத்துடுவாங்களாம். அதுக்கப்புறம் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லையாம்."

ஃபோர்மேன் மேலும் ஏதோ சொல்ல, அவள் தொடர்ந்தாள்.

"அவர் வீட்டுக்கு இவருதான் போன் பண்ணாராம். ஒரு பெரியவர் எடுத்து, ஒவ்வொரு தரமும் ஒண்ணையே சொன்னாராம். அதுக்கும் அர்த்தம் கேக்குறாரு."

ஃபோர்மேன் ரோலர் பக்கம் நின்று, மனப்பாடம் செய்ததை உரக்கச் சொன்னார். என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு.

"அப்டி... யாரும்... இங்க... இல்ல."

மூன்று முப்பத்தெட்டு.

"என் மகன்மா" என்றேன்.

எல்லோரும் பார்க்க, ரோலரை நோக்கிக் கையை நீட்டினேன். அவன் அதட்டட்டும் என்று.

மூன்று நாற்பது...

மூன்று நாற்பத்தொன்று...

அன்று குரல் வரவில்லை. அதற்குப் பிறகு அங்கே யாருக்கும் கேட்கவில்லையாம்.