பாடுறவரைக் காணோம்

நம் தொழிலில் நமக்குப் பிடித்ததைப் போட ஒரே ஒரு நேரம்தான் உண்டு: ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்கும் நேரம். டிஜே வேலை பார்த்து நொந்த அன்பர்களுக்கு இது புரியும். எண்பதுகளில் பினாங்கில் வார நாள்களில் நான் கப்பல் கம்பெனி குமாஸ்தா. சனி ஞாயிறுகளில் கல்யாண வீட்டு டிஜே. வேன் ஓட்டவும் பெட்டி தூக்கவும் கூட்டாளி மணியம்.

என்னிடம் ஏழு நிமிட சாக்ஸபோன் இசைத்தட்டு ஒன்று இருந்தது. பாட்டு கிடையாது, வெறும் வாசிப்பு. அது ஓடினால் நான் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஏதாவது ஒரு விசேஷத்தில், ஒரே ஒரு ஆளாவது அதை முழுதாகக் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

வயர்

டத்தோ கிராமாட்டில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தி நடந்துகொண்டிருந்தது. சாம்பார்க் கையோடு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நம்பி இசைத்தட்டைப் போட்டேன். இரண்டாவது நிமிடத்தில் பெண்ணின் பெரியப்பா எழுந்து வந்தார். அரசாங்க ஆபீஸில் முப்பது வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். எதில் என்ன விடுபட்டிருக்கிறது என்றுதான் அவர் கண் போகும். இரண்டு ஸ்பீக்கரிலும் காதை வைத்துப் பார்த்தார். பிறகு, என் மானம் போகக்கூடாதே என்று மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, வாத்தியமெல்லாம் கேக்குது, பாடுறவரக் காணோம். வயர் கழண்டிருக்கா பாருங்க."

சிலைகள்

சிம்பாங் அம்பாட்டில் ஒரு பிறந்தநாள். பாட்டு ஓடும்போது ஆட வேண்டும், நின்றால் சிலையாக நிற்க வேண்டும், அசைந்தவர் அவுட். பிள்ளைகளுக்கு வைத்த விளையாட்டில் பெரியவர்களும் புகுந்துவிட்டார்கள். விளையாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து நான் என் இசைத்தட்டைப் போட்டேன்.

ஹால் அப்படியே நின்றது. கையைத் தூக்கிய மாமா தூக்கியபடி, ஒற்றைக்காலில் ஒரு அக்கா, கேக்கை வாய்வரை கொண்டுபோன அண்ணன். நான்கு நிமிடம் ஒருவரும் அசையவில்லை. இசை மனிதர்களைக் கட்டிப்போடும் என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பூரித்துப் போனேன். அப்போது ஒற்றைக்கால் அக்கா உதடு அசையாமல் கேட்டார்:

"அண்ணே, கால் வலிக்குதுலா. பாட்ட எப்பப் போடுவீங்க?"

மாப்பிள்ளை

என் கல்யாண விருந்துக்கு மணியத்தையே மெஷினில் உட்கார வைத்தேன். நானும் பெண்ணும் நடந்து வரும்போது அந்த இசைத்தட்டு என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். கதவு திறந்தது. டப்பாங்குத்து. மாமனார் துண்டைச் சுழற்றி ஆட ஆரம்பித்துவிட்டார். நான் மேடைக்குப் போகாமல், மாலையும் கழுத்துமாக நேரே மணியத்திடம் போனேன். இத்தனை நாள் மற்ற மாப்பிள்ளைகளுக்கு நான் சொன்ன பதிலையே அவன் எனக்குச் சொன்னான்:

"மாப்பிள்ள இஷ்டத்துக்கெல்லாம் போட முடியாதுண்ணே. கூட்டத்தப் பாக்கணும்."

மண்டபம் காலி

டத்தோ கிராமாட் பெரியப்பா வீட்டில் அடுத்த பெண்ணுக்குக் கல்யாணம். மண்டபத்தில் மதியச் சாப்பாடு முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. சாயங்கால விசேஷக்காரர்கள் பூக்கூடைகளோடு வாசலில் நின்றார்கள். மண்டப மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார், காற்றாடியை நிறுத்திப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்து, "அண்ணே, ஏதாச்சும் செய்ங்கலா" என்றார். மணியம் என் பெட்டியைத் திறந்து அந்த இசைத்தட்டை எடுத்து நீட்டினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் போட்டேன்.

மூன்றாவது நிமிடத்தில் வாசலில் செருப்புத் தேடினார்கள். ஐந்தாவதில் மண்டபம் காலி. ஆனால் முன்வரிசையில் பெரியப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். தலையைச் சாய்த்து, ஸ்பீக்கரையே பார்த்தபடி. மகன் வந்து கூப்பிட்டதற்கு, பொறு என்று கை காட்டினார். ஏழு நிமிடமும் இருந்தார். நான் ஊசியைத் தூக்கி வைத்ததும் என்னிடம் நடந்து வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"கடைசி வரைக்கும் இருந்து பாத்துட்டேன் தம்பி. பாடுறவரு வரவே இல்ல."

பதினோரு வருடத் தொழிலில் என் இசைத்தட்டை முழுதாகக் கேட்டவர் ஒரே ஒருவர், அவரும் வேறு ஒருவருக்காகக் காத்திருந்தவர்.