கோடு போட்ட வரி

"ஜனவரி இரண்டாம் ஞாயிறு. கரண்டி அலகு உள்ளான், ஒன்று." என் நோட்டில் இந்த வரி கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. அடித்தவன் நான்.

கிள்ளான் கடற்கரைச் சேற்றுவெளியில் குளிர்கால வலசைப் பறவைகளை எண்ணும் தன்னார்வலர்கள் நாங்கள். கணக்கு எழுதுவது நான். அந்த அரிய உள்ளான் பறவையைப் பார்த்ததாகச் சொன்னவர் ஜெஞ்சாரோம் ஊரைச் சேர்ந்த லோரி ஓட்டுநர் முனியாண்டி அண்ணன்.

"போட்டோ இருக்காண்ணே?"

"கண்ணால பார்த்தேன் லா."

"அப்ப கணக்குல சேர்க்க முடியாதுண்ணே." எல்லார் முன்னாலும் கோடு போட்டேன்.

"பரவால்ல பாஸ், நான் பார்த்தது அந்தக் குருவிக்குத் தெரியும்" என்று சிரித்தார். எங்களுக்காக வாங்கி வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பிறகு வரவேயில்லை.

அதே நோட்டில் நான் பார்த்ததாக எழுதிய இரண்டு அரிய பறவைகளுக்கும் போட்டோ இல்லை. என்னிடம் யாரும் கேட்டதில்லை.

மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. அடித்த வரியின் பக்கத்தில் இப்போது எழுதியிருக்கிறேன்: "பார்த்தவர் முனியாண்டி. இன்னும் உறுதி செய்யப்படவில்லை."